இசைத்தட்டின் உறையும் இளையோர் உள்ளமும்

கடையில் அடுக்கி வைத்திருக்கும் இசைத்தட்டுகளுள் ஒன்றைக் கையில் எடுப்பவன் பாட்டை முதலில் கேட்பதில்லை. உறையைத்தான் முதலில் காண்கிறான். பதின்மூன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ள இளையோர்க்கு அக்காட்சி வெறும் விளம்பரம் அன்று. ‘நான் யார்? எக்கூட்டத்தைச் சேர்ந்தவன்?’ என்று அவர்தம் உள்ளம் ஓயாது கேட்கும் வினாவுக்கு அது ஒரு விடையாகவும் அமைகிறது.

உறையில் ஓவியம் தீட்டும் வழக்கம் மிகப் பழையதன்று. தொடக்கத்தில் இசைத்தட்டுகள் பெரும்பாலும் வெற்றுத் தாள் உறைகளிலேயே விற்கப்பட்டன. அமெரிக்கக் கொலம்பியா நிறுவனத்தின் ஓவியர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் 1940ஆம் ஆண்டையொட்டி இந்நிலையை மாற்றினார். பாட்டின் இயல்பை உணர்த்தும் படங்களை உறையில் தீட்டினார், விற்பனையும் பெருகியது. 1948இல் பன்னிரண்டு அங்குல நீண்டநேர இசைத்தட்டு வந்தபின், ஓவியனுக்கு ஓரடிச் சதுர அளவில் இடம் கிடைத்தது.

இளையோரைக் கவரும் வகை யாது? 1963இல் வெளிவந்த ‘வித் த பீட்டில்ஸ்’ என்னும் தட்டின் உறை இதனை நன்கு விளக்கும். ராபர்ட் ஃப்ரீமன் எடுத்த அப்படத்தில் நால்வர் முகமும் பாதி ஒளியிலும் பாதி நிழலிலும் உள்ளன. எவர் முகத்திலும் புன்னகை இல்லை. சிரித்த முகம் வீட்டார் அனைவரையும் அழைக்கும். சிரியாத முகமோ, ‘இது உனக்கு மட்டும்’ என்று இளைஞனிடம் தனியே பேசும்.

மலேசியத் தமிழ் இளைஞரின் நிலை சற்று வேறானது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் விற்ற திரையிசைத் தட்டுகளிலும் ஒலிநாடாக்களிலும் பெரும்பாலும் தமிழகத் திரை நடிகர் முகங்களே இருந்தன. அவற்றை விரும்பலாம், தன் தெருவாகக் கருதுதல் அரிது. பினாங்கில் தோன்றிய ஆலிகேட்ஸ் குழுவின் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் உடன்பிறப்புகள் அடர்ந்த சுருள்முடியையே தம் அடையாளமாக்கிப் புகழ் பெற்றனர். எனினும் அவர்கள் பெரிதும் பாடியது மலாய்ப் பாடல்களே. 1998இல் கோலாலம்பூரின் பொயட்டிக் அம்மோ குழு, தமிழ் உட்படப் பல மொழிகளில் அமைந்த சொல்லிசைத் தொகுப்பை ஆங்கிலத் தலைப்பில் வெளியிட்டது. 2006இல் அக்குழுவின் யோகி பி, நட்சத்ரா குழுவினருடன் வெளியிட்ட தொகுப்பின் தலைப்போ ‘வல்லவன்’ என்பது. தோட்டங்களை விட்டு நகரத்து அடுக்குமாடிகளில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, தம்மூர்க் கலைஞரின் பெயரோடு அத்தமிழ்ச் சொல்லைக் காண்பது சிறு நிகழ்ச்சி அன்று.

இன்று ஓரடிச் சதுரம் கைப்பேசியில் கட்டைவிரல் நகமளவாகச் சுருங்கிவிட்டது. ஆதலின் ஒற்றை முகம், தடித்த எழுத்து, ஓரிரு நிறங்கள் என உறையமைப்பு எளிமையை நாடுகிறது. அளவு குறைந்தாலும் அதன் வேலை மாறவில்லை.

முரட்டுத் தோற்றமுள்ள உறையைக் கண்டதும் பெற்றோர் அஞ்சி விலக்குவதுண்டு. விலக்குவதால் பயன் இல்லை. ‘இதில் உன்னைக் கவர்ந்தது முகமா, நிறமா, சொல்லா?’ என்று பிள்ளையிடம் கேட்பதே நன்று. விற்பவன் கருத்தை அறிந்துகொள்ளும் பிள்ளை எளிதில் ஏமாறான். கேட்கும் பெற்றோரும் தம் பிள்ளை யாராக விரும்புகிறான் என்பதை அறிவர்.