முழவைக் கேட்போர் நிலத்தையும் கேட்க வேண்டும்

ஹோண்டுராஸ் நாட்டின் கரீபியக் கரையில், தெலா நகருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், த்ரியுன்ஃபோ தெ லா க்ரூஸ் என்னும் ஊர் இருக்கிறது. தென்னைகள் நிறைந்த மணற்கரையும், தேங்காய்ப்பாலில் வெந்த மீனும், இரவில் எழும் முழவோசையும் பயணிகளை அங்கே ஈர்க்கின்றன. கரிஃபுனா பண்பாட்டின் இருப்பிடம் என்றே இவ்வூர் அறிமுகம் செய்யப்படுகிறது. அந்தப் பண்பாட்டுக்கு உரியவர்கள் தங்கள் நிலத்துக்காகப் பல பத்தாண்டுகளாகப் போராடி வருவது அவ்வறிமுகத்தில் இடம்பெறுவதில்லை. அங்கே செல்பவர்கள் முதலில் அறிய வேண்டியது அதுவே என்று நாம் கருதுகிறோம்.

கரிஃபுனாக்கள் செயின்ட் வின்சென்ட் தீவில் உருவான மக்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஆப்பிரிக்கர்களும் அத்தீவின் பழங்குடிகளும் கலந்து உருவான சமூகம் அது. 1763ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி தீவு பிரிட்டன் வசமாயிற்று. கரும்புத் தோட்டங்களுக்கு நிலம் தேடிய குடியேறிகளுக்கு இம்மக்கள் தடையாகத் தெரிந்தனர். இவர்களுடைய தலைவர் சட்டோயர் 1795இல் போரில் கொல்லப்பட்டார். தோற்ற மக்கள் நன்னீரற்ற பலிசோ என்னும் சிறு தீவில் அடைக்கப்பட்டனர். ஏறத்தாழப் பாதிப் பேர் அங்கேயே மடிந்தனர். எஞ்சியோரில் 2,000 பேருக்கு மேல் 1797 ஏப்ரலில் ஹோண்டுராஸை ஒட்டிய ரோவத்தான் தீவில் இறக்கிவிடப்பட்டனர். ஹோண்டுராஸ், குவாத்தமாலா, பெலீஸ், நிக்கராகுவா கரைகளில் இன்று வாழும் கரிஃபுனாக்கள் அவர்களுடைய வழித்தோன்றல்களே. நிலத்துக்காக ஒருமுறை நாடுகடத்தப்பட்ட மக்கள் இவர்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இவர்களுடைய மொழி, நடனம், இசை ஆகியவற்றை 2001இல் யுனெஸ்கோ மானுடத்தின் அரும்பெரும் மரபாக அறிவித்தது. ஆனால் இம்மரபை நிலத்திலிருந்து பிரித்தெடுக்க இயலாது. 'எரெபா' எனப்படும் மரவள்ளி அப்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்கள் காட்டைத் திருத்தித் தர, பெண்கள் மரவள்ளி நடுகின்றனர். மண் வளம் குன்றாதிருக்க வயல்களை மாற்றி மாற்றிப் பயிரிடுவது வழக்கம். ஆகவே இன்று தரிசாகக் கிடக்கும் நிலமும் நாளைய வயலே. கிழங்கைத் துருவி, 'ருகுமா' என்னும் நீண்ட பின்னற்குழாயில் இட்டுப் பிழிந்து, நச்சுச்சாற்றை நீக்கிய பின்னரே அப்பம் சுடப்படுகிறது. ஒரு மரத்துண்டைக் குடைந்தே முழவு செய்யப்படுகிறது. முன்னோரை வரவழைத்து உணவளிக்கும் 'துகு' சடங்குக்குக் கடலின் மீனும் வயலின் விளைச்சலும் வேண்டும். வயலும் காடும் கரையும் பறிபோனால், எஞ்சுவது விடுதி முற்றத்தில் நடக்கும் நிகழ்ச்சி மட்டுமே.

நிலம் பறிபோனது சட்டத்தின் வழியாகவே என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. கடற்கரையை ஒட்டிய நிலத்தை வெளிநாட்டார் வாங்குவதை ஹோண்டுராஸ் அரசமைப்பு தடுக்கிறது. 1990இல் இயற்றப்பட்ட ஓர் ஆணை, நகர்ப்புற எல்லைக்குள் சுற்றுலாத் திட்டங்களுக்கு அத்தடையைத் தளர்த்தியது. தெலாவின் நகர எல்லையோ கரிஃபுனாக்களின் சமுதாய நிலத்தின்மீதும் விரிக்கப்பட்டிருந்தது. வழிவழியாக ஊர்ப்பொதுவாக இருந்த நிலத்தின் ஒரு பகுதியை நகராட்சி தனியாருக்கு விற்றது. அருகிலேயே அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவும் இம்மக்களின் மரபுவழி நிலத்தைத் தொட்டது. எதிலும் அவர்களிடம் முறைப்படி கலந்து பேசப்படவில்லை.

ஓஃப்ரானே என்னும் கரிஃபுனா உரிமை அமைப்பு இவ்வழக்கை நாட்டெல்லைக்கு அப்பால் எடுத்துச் சென்றது. 2015 அக்டோபரில் அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமைகள் நீதிமன்றம், சமுதாயச் சொத்துரிமையையும் பண்பாட்டு அடையாளத்துக்கான உரிமையையும் ஹோண்டுராஸ் மீறியது என்று தீர்ப்பளித்தது; நிலத்தை எல்லை வகுத்து உரிமைப்பத்திரம் வழங்குமாறு ஆணையிட்டது. தெலா விரிகுடாவின் மற்றொரு கரிஃபுனா ஊரான சான் ஹுவானுக்கு ஆதரவாகவும் 2023இல் இதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு கிடைத்தும் பாதுகாப்பு கிடைக்கவில்லை. 2020 ஜூலை 18 அன்று விடியற்காலையில், காவல் புலனாய்வுப் பிரிவின் சீருடையில் வந்த ஆயுததாரிகள், த்ரியுன்ஃபோ தெ லா க்ரூஸின் ஊர்த்தலைவர் ஸ்னைதர் சென்தேனோ உள்ளிட்ட நான்கு கரிஃபுனா ஆடவரைக் கடத்திச் சென்றனர். தீர்ப்பை நிறைவேற்றக் கோரி வந்தவர் சென்தேனோ. உயிரோடு கொண்டு சென்றவர்களை உயிரோடு திருப்பித் தருமாறு அவ்வூர் மக்கள் கேட்டனர். அவர்கள் திரும்பி வரவில்லை.

ஒரு மக்களின் ஆடலையும் பாடலையும் விளம்பரத்தில் ஏற்றிவிட்டு, அம்மக்களை வளர்ச்சிக்கு இடையூறு என்று ஒதுக்குவது அரசுகளுக்குப் புதிதன்று. கலையை மேடையில் ஏற்றிக் கலைஞரை வெளியே நிறுத்தும் இம்முறையை ஒடுக்கப்பட்டோர் எவரும் எளிதில் அடையாளம் காண்பர்.

இதனால் அங்கே எவரும் செல்லக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. கரிஃபுனா குடும்பங்கள் நடத்தும் விடுதிகளும் கரையோரச் சமையற்கூடங்களும் அம்மக்களுக்கு வாழ்வாதாரம். அவற்றைத் தேர்ந்தெடுப்பது பயணியின் கையில் இருக்கிறது. தங்கும் இடம் யாருடைய நிலத்தில், யாருடைய ஒப்புதலோடு எழுந்தது என்று கேட்பதும் அவர் கையில் இருக்கிறது. கேள்வி சிறிதுதான். எனினும் ஒவ்வொரு விருந்தினரும் அதைக் கேட்கத் தொடங்கினால், விற்றவரும் வாங்கியவரும் விடை சொல்லியாக வேண்டும். அரசின் கடமை அதைவிடத் தெளிவானது: எழுதப்பட்ட தீர்ப்பை நிறைவேற்றுவதும், காணாமற்போனவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்வதும்.