சிஸ்டோஸ்கோபி முடிந்து வீடு திரும்பிய பிறகு

சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதுதான் சிஸ்டோஸ்கோபி. வளையும் மெல்லிய குழாய் என்றால், மரத்துப்போக ஜெல் தடவி, பெரும்பாலும் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். பலர் மிரள்வது அங்கே அல்ல; வீட்டுக்கு வந்து முதல் தடவை சிறுநீர் கழிக்கும்போதுதான்.

எரிச்சலும் நிறமும்

சுரீரென்று எரியும். போய்விட்டு வந்து உட்கார்ந்ததுமே மறுபடி முட்டும். போனால் நாலு சொட்டு. குழாய் உரசியதில் உட்பாதை புண்பட்டதுபோல் இருக்கிறது, அவ்வளவுதான். ஓரிரு நாளில் அடங்கும்.

சிறுநீர் இளஞ்சிவப்பாகவும் போகலாம். ஒரு சொம்புத் தண்ணீரில் ஒரு சிட்டிகை குங்குமம் விழுந்தாற்போல, கொஞ்ச ரத்தமே எல்லாவற்றையும் நிறம் மாற்றிவிடும். பரிசோதனைக்குச் சதை எடுத்திருந்தால் இது இன்னும் சில நாள் நீளும். (முந்தைய நாள் பீட்ரூட் பொரியல் சாப்பிட்டீர்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.)

பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள்

எரியுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், அடக்கிக்கொண்டு கிடப்பதும்தான் நம்மவர்கள் செய்யும் பெரிய தப்பு. குடிக்காவிட்டால் சிறுநீர் அடர்ந்து இன்னும் கூடுதலாக எரியும், கிருமியும் தங்கும். வந்த முதல் இரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டு டம்ளர் குடியுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவோடு நிறுத்துங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இளநீரும் ஆகாது. பார்லித் தண்ணீர் குடிக்கலாம், ஆனால் வேலை செய்வது பார்லியைவிட அதிலுள்ள தண்ணீர்தான். காபியை ஒரு நாள் தள்ளிவையுங்கள், சிறுநீர்ப்பையை அது உசுப்பிவிடும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அந்த இடத்தில் வைத்தால் இதமாக இருக்கும்.

மயக்க மருந்து கொடுத்திருந்தால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மறுபடி என்றைக்குத் தொடங்குவது என்று கேட்டுக்கொண்டே கிளம்புங்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர்நடுக்கம், கட்டி கட்டியாக ரத்தம், இரண்டு நாளாகியும் குறையாத வலி. இவற்றைவிட அவசரம், வயிறு முட்டியும் சிறுநீர் இறங்காமல் போவது. புராஸ்டேட் வீங்கிய பெரியவர்களுக்கு இது நேரக்கூடும். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ராத்திரியே கூட்டிப் போங்கள். கடைசியாக எத்தனை மணிக்குப் போனார், என்ன நிறம் என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள்.