வருஷத்தைக் கேட்காதீங்க, மாடலைக் கேளுங்க

மூடிப்போன தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களிடம் பழைய கதை கேட்கப் போனால் முதலில் இடிப்பது வருஷம்தான். கேன்டீன் சாம்பாரின் ருசி ஞாபகம் இருக்கும், எந்த மெஷினுக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பானை இருந்தது என்பது ஞாபகம் இருக்கும். "எந்த வருஷம் சேர்ந்தீங்க?" என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு கணக்கு.

நான் சொல்வது சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ். எங்க பக்கம், அதாவது கூமாப்பட்டி, வத்திராயிருப்பு வட்டாரத்தில், ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு ராஜபாளையம் மில்தான் பக்கத்து வழி. சிலர் மெட்ராஸுக்கு ரயில் ஏறினார்கள். அப்படிப் போய், வயதான காலத்தில் ஊருக்கே திரும்பிவிட்ட இரண்டு பேரிடம் பேசினேன். ஒருத்தர் எனக்கு மாமா முறை. இன்னொருத்தர் அவருடன் ஒரே ஷிப்டில் இருந்தவர்.

பேசும் முன்னால் கொஞ்சம் பின்கதை. கம்பெனி 1948-ல் தொடங்கியது, பிரிட்டனின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சென்னையின் யூனியன் கம்பெனியும் சேர்ந்து. முதலில் வந்த வேன்கார்டு கார், அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டியதுதான். 1953-ல் டேரிஃப் கமிஷன், பாகங்களை இறக்கிப் பூட்டி விற்பது மட்டும் போதாது, இங்கேயே செய்யும் திட்டம் இருப்பவர்கள்தான் தொடரலாம் என்று சொன்னது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிவிட்டுப் போய்விட்டன. ஸ்டாண்டர்டு நின்றது. அதனால்தான் அங்கே ஸ்பேனர் பிடிக்கிற ஆள் மட்டும் போதாமல் டர்னர், பிட்டர், டிங்கர், பெயிண்டர் என்று ஒரு பெரிய கூட்டமே உருவானது. ஒரு அரசாங்க அறிக்கையின் ஒரு வரியால் எத்தனை குடும்பத்துக்குச் சோறு கிடைத்தது பாருங்க.

இனி மாமா கதைக்கு வருவோம். தான் வேலையில் சேர்ந்தது எம்.ஜி.ஆர். முதல்வரான வருஷம் என்று அடித்துச் சொன்னார். அப்படியென்றால் 1977. சரி, முதலில் என்ன வேலை என்று கேட்டேன். கேஸல் காருக்குக் கதவு பொருத்துவது, மூணு வருஷம் அதே வேலை என்றார். இங்கேதான் உதைக்கிறது. கேஸல் வந்தது 1972, நின்றது 1977. மூணு வருஷம் அதற்குக் கதவு பொருத்தியவர் 1977-ல் சேர்ந்திருக்கவே முடியாது. எமர்ஜென்சி சமயத்தில் எங்கே இருந்தீங்க என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டதும், "பெருங்களத்தூர்லதான் தம்பி" என்று உடனே பதில் வந்தது. ஆக, 1974 வாக்கில் சேர்ந்திருக்க வேண்டும்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த வழி இதுதான். தொழிலாளிக்குக் காலண்டர் என்பது லைனில் என்ன வண்டி ஓடியது என்பதே. பென்னன்ட் என்றால் 1959-ஐ ஒட்டிய காலம். ஹெரால்டு 1961, மார்க் 2 1965, மார்க் 3 1968. பிரிட்டனில் ஹெரால்டு இரண்டு கதவு வண்டி, நான்கு கதவு வைத்தது நம் ஆட்கள்தான். அதனால் "நீங்க பார்த்தப்போ எத்தனை கதவு?" என்பதே ஒரு நல்ல கேள்வி. கேஸலில் பின்பக்க ஆக்சிலையே மாற்றினார்கள், ஹெரால்டின் ஸ்விங் ஆக்சில் போய் ஒரே தண்டு ஆக்சில் வந்தது. அதை நினைவு வைத்திருப்பவர் எந்தப் பக்கம் இருந்தார் என்று சொல்லிவிடலாம்.

சரி, மாமா ஏன் 1977 என்றார்? வயசாச்சு, மறதி என்று தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோணல. இத்தாலியில் டெர்னி என்று ஒரு உருக்காலை ஊர். அங்கே 1949 மார்ச் 17-ல், நேட்டோவில் இத்தாலி சேர்வதை எதிர்த்த போராட்டத்தில், லூயிஜி டிராஸ்டுல்லி என்ற 21 வயதுத் தொழிலாளி போலீஸ் நடவடிக்கையில் இறந்தார். அலெஸாண்ட்ரோ போர்டெல்லி என்ற ஆய்வாளர் பல வருஷம் கழித்து அந்த ஊர்க்காரர்களிடம் பேசினார். நிறையப் பேர் அந்தச் சாவு 1953-ல் நடந்தது என்றார்கள். 1953-ல் ஆலையில் சுமார் 2,000 பேரை வேலையை விட்டு நீக்கியதும் தெருவில் பெரிய மோதல் நடந்தது. ஊருக்கு ஆறாத காயம் அதுதான். இறந்த பையனை மக்கள் அந்தக் காயத்தோடு சேர்த்துவிட்டார்கள். தேதி தப்பு, ஆனால் அந்தத் தப்பே ஒரு ஆவணம் என்பது போர்டெல்லியின் கட்சி.

மாமாவுக்கு 1977-ல் என்ன நடந்தது? கேஸல் நின்றதும் கார் லைனே நின்றது. 1985 வரை அங்கே கார் கிடையாது, ஸ்டாண்டர்டு 20 வேன் மாதிரி வண்டிகள்தான். அவரை வேன் பக்கம் மாற்றினார்கள். அங்கே கற்ற வேலைதான் கடைசிவரை அவர் வேலை. சேர்ந்த வருஷம் என்று அவர் மனசு பிடித்து வைத்திருப்பது அதை என்றுதான் நினைக்கிறேன்.

கடைசி வண்டி ஸ்டாண்டர்டு 2000. இதைப் பற்றி இரண்டு பேரும் ஒரே குரலில் பேசினார்கள்: பாடி ராஜா, என்ஜின் கிழவன். ஆவணமும் அதைத்தான் சொல்கிறது. பாடி பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1, 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கியது. அங்கே அதில் மூன்றரை லிட்டர் வி8 இருந்தது. இங்கே போட்டது வேன்கார்டு வழிவந்த 2 லிட்டர், நாலு சிலிண்டர். அதே குடும்பத்து என்ஜின்தான் 1940-களில் ஃபெர்குசன் டிராக்டரிலும் இருந்தது! மாருதி 800 வந்து ரெண்டு வருஷம் ஆன நேரத்தில், கனமான, பெட்ரோல் குடிக்கிற, விலை கூடிய வண்டி. 1988-ல் உற்பத்தி நின்றது.

இந்த 1988 வெறும் தேதி இல்லை. பி.எஃப்.-இல் மாசாமாசம் பென்ஷன் தரும் இ.பி.எஸ். திட்டம் வந்தது 1995 நவம்பர் 16-ல். அதற்கு ஏழு வருஷம் முன்னால் வேலை போய், பிறகு பி.எஃப். பிடிக்கிற வேலைக்குப் போகாதவர்களுக்கு அந்தப் பென்ஷன் இல்லை. ராஜபாளையம் மில்லில் 1990-களைத் தாண்டி வேலை பார்த்து, பத்து வருஷ சர்வீஸ் காட்ட முடிந்தவர்களுக்கு உண்டு. ஒரே ஊர், ஒரே ஐ.டி.ஐ. படிப்பு. மில்லுக்குப் போனவருக்குக் குறைந்தபட்சம் மாசம் 1,000 ரூபாய் வருகிறது. மெட்ராஸுக்குப் போனவர் மகன் கையை எதிர்பார்க்கிறார். இதை மாமா குறையாகச் சொல்லவில்லை. அவர் பேசியதெல்லாம் கதவு இடைவெளி பற்றித்தான். கையை விட்டுப் பார்த்தே சரியா, தப்பா என்று சொல்லிவிடுவாராம். என் காரின் பின் கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

அந்தத் தொழிற்சாலை இடத்தில் இப்போது ஐ.டி. கட்டடங்கள் நிற்கின்றன. என் துறை ஆட்கள் அங்கே பேட்ஜ் தட்டி உள்ளே போகிறார்கள். உங்க வீட்டிலோ தெருவிலோ அங்கே வேலை பார்த்தவர் யாராவது இருந்தால், பழைய டோக்கன், கேட் பாஸ், சம்பளச் சீட்டு எது இருந்தாலும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. கூடவே அவர் முதலில் தொட்ட வண்டி எது என்று மட்டும் கேட்டு எழுதுங்க.