நாயின் வயிற்றுக்குள் ஓர் உப்பளம்!

குட்டீஸ், மரக்காணம் பக்கம் பஸ்சில் போகும்போது உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். பாத்தி பாத்தியாக உவர்நீர், ஓரத்தில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. வெயிலில் நீர் வற்றி, பத்தில் ஒரு பங்காகக் குறையும்போதுதான் சமையல் உப்பு படிகமாகத் தொடங்கும்.

இரும்பையில் உங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கிறதே நாய், அதன் சிறுநீர்ப்பைக்குள்ளும் இதே வேலை நடக்கலாம். போதிய தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீர் கெட்டியாகும். அதில் கரைந்துள்ள தாதுக்கள் படிகமாகி, ஒன்றோடொன்று சேர்ந்து கல்லாகிவிடும்.

எல்லாக் கல்லும் ஒன்றல்ல. ஸ்ட்ரூவைட் என்ற கல், நாய்களுக்குப் பெரும்பாலும் பாக்டீரியா தொற்றால் வருகிறது. டாக்டர் தரும் மருந்தும், தனி உணவும் சேர்ந்தால் சில வாரங்களில் கரைந்துவிடும். கால்சியம் ஆக்சலேட் கல்லோ பிடிவாதக்காரன். எந்த உணவுக்கும் கரையாது. வெளியே எடுத்தே ஆக வேண்டும். எது என்ன கல் என்று சோதித்துச் சொல்லவே, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1981ல் ஒரு மையம் தொடங்கினார்கள்!

புள்ளி போட்ட டால்மேஷன் நாய்க்கு வேறு சிக்கல். பிறவியிலேயே அதன் சிறுநீரில் யூரிக் அமிலம் அதிகம். அதற்கு ஈரல் போன்ற உறுப்பு இறைச்சி ஆகாது.

சரி, நம் வீட்டு நாய்க்கு என்ன செய்யலாம்? முதல் மருந்து தண்ணீர்தான். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 மில்லி தேவை. 15 கிலோ நாய் என்றால் முக்கால் லிட்டர். வெயில் நாளில் இன்னும் அதிகம். கிண்ணத்தை நிழலில் வையுங்கள். தினமும் கழுவி மாற்றுங்கள். கடையில் வாங்கும் உலர் தீனியில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கொடுங்கள். சிறுநீர் கழிக்க அடிக்கடி வெளியே கூட்டிப் போங்கள். பாவம், நாள் முழுக்கக் கட்டிப்போட்டால் அது எவ்வளவு நேரம்தான் அடக்கும்?

கருவாடும் ஊறுகாய் சோறும் வேண்டாம். சாம்பார் சோறும் வேண்டாம். வெங்காயம் நாய்க்கு விஷம். ஏற்கெனவே ஆக்சலேட் கல் வந்த நாய்க்குப் பாலக்கீரை கூடாது. 'சத்துக்கு நல்லது' என்று கால்சியம் மாத்திரையை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி கவனமாகப் படியுங்கள். நாய் அடிக்கடி முக்குகிறதா? சொட்டுச் சொட்டாகப் போகிறதா? சிறுநீரில் ரத்தம் தெரிகிறதா? உடனே அப்பா, அம்மாவிடம் சொல்லுங்கள். ஆண் நாய்க்குச் சிறுநீர்க் குழாய் குறுகல். கல் அடைத்து, ஒரு சொட்டும் வராமல் போனால், ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. அப்போது உணவை மாற்றிப் பார்க்க நேரமில்லை. அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். நாய் கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார். வீட்டில் அதைக் கவனித்திருக்கக்கூடிய ஆள் பெரும்பாலும் நீங்கள்தான்!