ரிங் உயரத்தில் ஓர் இருக்கை

கூடைப்பந்துப் போட்டியைப் படமெடுக்க எங்கே உட்கார வேண்டும் என்று கேட்டால், ரிங்குக்குக் கீழே, எல்லைக்கோட்டுக்கு வெளியே என்றுதான் பலரும் சொல்வார்கள். பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் அங்கேதான் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் கேலரியின் பக்கம். சென்னை பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்கமானாலும் சரி, ஏதோவொரு கல்லூரியின் அரங்கமானாலும் சரி, ரிங்கின் உயரத்துக்கு என் கண் வருகிற வரிசையைத் தேடித்தான் படியேறுவேன். ரிங் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த மட்டத்தில் உட்கார்ந்தால், ரீபவுண்டுக்காக எல்லோரும் அண்ணாந்து எழும்பும் கணத்தில் அத்தனை முகங்களும் நம்மை நோக்கித் திரும்பும். தரையில் இருப்பவருக்கு அதே கணத்தில் தாடையும் முழங்கையும்தான் தெரியும்.

பின்னணியும் ஒரு காரணம். கீழிருந்து எடுக்கும் படத்தில் ஆட்டக்காரருக்குப் பின்னால் விளம்பரப் பதாகை, தண்ணீர் பாட்டில், செல்போன் பார்த்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் என எல்லாம் வந்து சேரும். மேலிருந்து எடுத்தால் பின்னணி வெறும் மரத்தளம்தான். அதன் மேல் கோடுகள், ஒரு நிழல், ஓர் ஆட்டக்காரர். கண் வேறெங்கும் ஓடாது.

நான் வடசென்னையில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். எங்கள் பெண்கள் அணிக்குத் துணையாகப் போகத் தொடங்கியபோது கையோடு கேமராவையும் எடுத்துப் போனேன். இப்போது அணி போகாத போட்டிகளுக்கும் போகிறேன். கிரிக்கெட்டைப் படமெடுக்க நினைக்கும் ஆசிரியர் சம்பளக்காரருக்கு லென்ஸ் விலையே தடையாக நிற்கும். மைதானம் அவ்வளவு பெரியது. கூடைப்பந்துக் களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், அவ்வளவுதான். மூலை இருக்கையில் உட்கார்ந்தால் பக்கத்து ரிங் ஏறக்குறைய 15 மீட்டர் தூரத்தில் இருக்கும். என்னுடையது சிறிய சென்சார் கொண்ட, செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேமரா. அதில் 85 எம்எம் லென்ஸைப் போட்டுச் செங்குத்தாகப் பிடித்தால், அந்தத் தூரத்தில் சுமார் 4 மீட்டர் உயரம் படத்துக்குள் அடங்கும். தாவுகிறவரும் ரிங்கும் சேர்ந்து வர இது போதும்.

வெளிச்சம்தான் பெரிய பாடு. உள்ளே நுழையும்போது அரங்கம் பளிச்சென்று இருப்பதாகத்தான் தோன்றும். கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கேமராவுக்கு அது வெளிமைதானத்துப் பகலோடு ஒப்பிடவே முடியாத மங்கல். ஆட்டக்காரரோ விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வருகிறார். ஷட்டரை 1/60 விநாடி திறந்துவைத்தால் அதற்குள் அவர் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார், முகம் கரைந்துபோகும். 1/640 என்றால் ஒரு சென்டிமீட்டர் மட்டுமே. அதனால் ஷட்டரில் விட்டுக்கொடுக்க முடியாது. குறைவாக வரும் ஒளியை வேறு இரண்டு வழிகளில் ஈடுகட்ட வேண்டும். ஒன்று லென்ஸின் வாய். கேமராவோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸ், நீட்டிப் பிடித்தால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (இந்த எண் குறையக் குறைய வாய் அகலமாகும்). 85 எம்எம் லென்ஸில் விலை குறைந்த வகையே எஃப் 1.8 வரை திறக்கும். இரண்டும் உள்ளே விடுகிற ஒளியில் ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம். மற்றது ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளியுணர்திறன். 3200, தேவைப்பட்டால் 6400. படத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும். வரட்டும். புள்ளி விழுந்த கூர்மையான முகம் இருந்தால் போதும். வழவழப்பாகக் கலங்கிப்போன முகத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஃபிளாஷை மறந்துவிடுங்கள். கேமராவின் மேல் இருக்கிற சின்ன ஃபிளாஷ் கேலரியிலிருந்து களத்துக்குப் போய்ச் சேராது. முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் பின்தலை மட்டும் வெளுக்கும். அமெரிக்காவின் என்.பி.ஏ. அரங்குகளில் கூரையிலேயே பெரிய ஃபிளாஷ் விளக்குகளைக் கட்டி, கீழே இருக்கும் தொழில்முறைக் கேமராக்களோடு இணைத்து வைத்திருப்பார்கள். அந்தப் பளபளப்பு நமக்கு வராது. அதைவிட முக்கியமானது, ரிங்கைக் குறிவைத்து நிற்கும் பெண்ணின் கண்ணில் ஒளி அடிக்க நமக்கு உரிமையில்லை. ஃபோகஸ் பிடிக்க உதவும் சின்ன விளக்கையும் அணைத்துவைப்பதே மரியாதை.

பழைய அரங்குகளில் இன்னொரு விசித்திரம் உண்டு. தொடர்ந்து படபடவென்று ஐந்து படம் எடுத்தால் ஒன்று பளிச்சென்றும், அடுத்தது மஞ்சளாகவும், மூன்றாவது பாதி இருண்டும் வரும். கேமரா கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று ஓடுகிறது. அதில் எரியும் மெட்டல் ஹாலைடு விளக்கு விநாடிக்கு 100 முறை பொங்கி அடங்கும். கண்ணுக்கு அது தெரியாது. 1/640 விநாடி மட்டும் திறக்கும் ஷட்டர், அந்தப் பொங்கலின் உச்சியிலும் திறக்கலாம், அடக்கத்திலும் திறக்கலாம். சமீபகாலக் கேமராக்கள் பலவற்றில் ‘ஆன்டி ஃபிளிக்கர்’ என்று ஒரு வசதி இருக்கிறது. விளக்கின் உச்சிக்காகக் காத்திருந்து ஷட்டரை அதுவே திறக்கும். அதைப் போட்டுவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. மரத்தளத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளி முகங்களில் ஆரஞ்சு நிறத்தை ஏற்றும். அதற்கு, ஆட்டம் தொடங்குமுன் அதே விளக்கின் கீழ் ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்துகொள்ளலாம்.

இனி எனக்கு மிகப் பிடித்த கணக்கு. ஓர் ஆட்டக்காரர் 60 சென்டிமீட்டர் எழும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கால் தரையை விட்டு மீண்டும் தரையைத் தொட 0.7 விநாடி ஆகும். அதில் சரிபாதி, அதாவது 0.35 விநாடி, உச்சியிலிருக்கும் 15 சென்டிமீட்டருக்குள்ளேயே கழிகிறது. மேலே போகப் போக வேகம் குறைந்து, உச்சியில் ஒரு கணம் பூஜ்ஜியமாகி, பிறகு மெல்லத்தான் கூடுகிறது. நல்ல ஆட்டக்காரர் அந்தரத்தில் நிற்பதுபோலத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். பதினோராம் வகுப்பில் இந்தப் பாடம் வரும்போது நான் பந்தை மேலே எறிந்து காட்டுவதில்லை. எங்கள் மாணவி ஒருத்தியின் ஜம்ப் ஷாட் படங்களை வரிசையாகக் காட்டுகிறேன். வகுப்பே நிமிர்ந்து உட்காரும். படமெடுப்பவருக்கு இதிலிருக்கும் செய்தி எளிது: எழும்பும்போது அழுத்தாதீர்கள், உச்சிக்கு அரை மூச்சு பொறுங்கள். பந்து விரல் நுனியை விட்டுப் பிரிவதும் பெரும்பாலும் அங்கேதான் நடக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஃப்ரீ த்ரோவில் பழகலாம். எறிகிறவருக்கு 5 விநாடி உண்டு, அசையாமல் நிற்பார். ஷட்டரை 1/250-க்கு இறக்கி ஐஎஸ்ஓவைக் குறைத்துக்கொள்ளலாம். அவரை ஒன்றிரண்டு படம் எடுத்ததும், கோட்டோரம் வரிசையாக நிற்பவர்கள் பக்கம் கேமராவைத் திருப்புங்கள். அடுத்த கணம் பந்துக்காக முட்டிமோதப் போகிறவர்கள், தோளோடு தோள் உரச, பேசாமல் நிற்பார்கள். நகம் கடிப்பவர், பனியனில் முகம் துடைப்பவர், எதிரணிக்காரரின் காதில் ஏதோ சொல்லிச் சிரிக்க வைப்பவர் எல்லாம் அங்கே உண்டு.

மைக்கேல் ஜோர்டான் 1988-இல் சிகாகோவில் நடந்த டங்க் போட்டியில் பந்தோடு பறந்து வரும் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதை எடுத்த வால்டர் யோஸ், எந்தப் பக்கமிருந்து தாவப்போகிறார் என்று ஜோர்டானிடமே கேட்டு வைத்துக்கொண்டு ரிங்கின் கீழ் இடம்பிடித்தார். நமக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. ஆனால் ஆட்டத்தில் குறிப்புகள் ஏராளம். பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் ரிங்கை நோக்கி எறிந்தாக வேண்டும். போர்டுக்கு மேலிருக்கும் கடிகாரம் 5-க்கு இறங்கினால் ஷாட் வந்தே தீரும். உயரமான ஆட்டக்காரர் ஒருவர் மேலேறி வந்து, பந்தைக் கொண்டுவரும் பாயிண்ட் கார்டுக்குத் தடுப்பாக நின்றால், அவரே அடுத்து ரிங்கை நோக்கித் திரும்பி ஓடுவார். ஃபோகஸ் அவர்மேல் இருக்கட்டும். மூலையிலிருந்து எறிந்து தவறிய பந்து, பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் போய் விழும். இரண்டாம் பாதியில் அணிகள் பக்கம் மாறும் என்பதால், உங்கள் அணி தாக்குவதையும் தடுப்பதையும் இருக்கையை விட்டு எழாமலே எடுக்கலாம். விலையுயர்ந்த கேமராவோடு வந்து, பந்து போன பிறகு பந்தைத் துரத்துகிறவர்களைப் பார்க்கிறேன். கேமராவுக்குச் செலவழிப்பதற்கு முன் ஆட்டத்துக்கு நேரம் செலவழிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பந்து இல்லாத இடத்திலும் ஆட்டம் நடக்கிறது. 2022 ஏப்ரலில் நேரு அரங்கில் 71-வது தேசிய சீனியர் போட்டி நடந்தது. இறுதியாட்டத்தில் பஞ்சாபை வென்று தமிழ்நாட்டு ஆண்கள் அணி பட்டம் பெற்றது. அன்றைய படங்களில் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது கூடையில் விழுந்த பந்தை அல்ல. துண்டைத் தோளில் போட்டபடி பெஞ்சிலிருந்து எழுந்து நிற்கும் மாற்று ஆட்டக்காரர்களைத்தான். களத்தில் சில நிமிடமே ஆடியிருப்பார்கள். வெற்றி அவர்களுடையதும்தான் என்பதற்கு அந்தப் படம் சாட்சி.

அந்தச் சாட்சிக்காகத்தான் இவ்வளவு சிரமமும். இந்திய மகளிர் அணிக்குப் பல ஆண்டுகள் தலைமை தாங்கிய அனிதா பால்துரை சென்னைக்காரர். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் பெயரையே கேள்விப்படாதவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். அப்படியிருக்க, மாவட்ட அளவில் ஆடும் பிள்ளையை யார் படமெடுக்கப் போகிறார்கள்? பத்திரிகையில் வந்தால் ஸ்கோர் ஒரு வரி வரும். நான் நல்ல படங்களை ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு அவரவர் கையில் கொடுத்துவிடுகிறேன். வீட்டுவேலைக்குப் போகும் ஒரு தாய், மகளின் ஆட்டத்தை ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. லே-அப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இவ்ளோ உசரம் எம்புவாளா டீச்சர்? வீட்ல பரண்மேல இருக்கற டப்பாவ எடுத்துத் தாடின்னா ஸ்டூல் கேக்குறா!” மறுவாரம் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார்.

சிறுவர் சிறுமியரைப் படமெடுப்பதில் கண்டிப்பு வேண்டும். பயிற்சியாளரிடமும் பெற்றோரிடமும் முன்னதாகக் கேளுங்கள். கேட்காமல் எங்கும் பகிராதீர்கள். விழுந்த நிலை, உடை விலகிய நிலை எல்லாவற்றையும் அங்கேயே அழித்துவிடுங்கள். பெரிய போட்டிகளில் பெரிய லென்ஸை உள்ளே விடாமல் இருக்கலாம். அமைப்பாளர்களிடம் முந்தைய நாளே பேசிவிட்டால் வாசலில் வாதாட வேண்டியிருக்காது.

கோவையில் பி.எஸ்.ஜி. கோப்பை போன்ற அகில இந்தியப் போட்டிகள் உள்ளரங்கிலேயே நடக்கின்றன. பள்ளி, கல்லூரி, மாவட்டப் போட்டிகளோ ஆண்டு முழுக்க எங்காவது நடந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமே இல்லை, கேலரியும் காலியாகத்தான் கிடக்கிறது. உங்கள் ஊர்ப் போட்டிக்கு ஒருமுறை போங்கள். முதல் பத்து நிமிடம் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு ஆட்டத்தை மட்டும் பாருங்கள். பிறகு ரிங் உயரத்துக்கு ஏறி உட்கார்ந்து எடுங்கள். எடுத்ததில் ஒரு படத்தையாவது அதில் இருக்கிற பிள்ளையின் கையில் சேர்த்துவிடுங்கள்.