விளையாட்டுக் கணினிக்கு ஏற்ற மின்வலு வழங்கியைத் தெரிவுசெய்தல்

மாணவர்களே, கணினியின் பாகங்களைப் பெயரிடச் சொன்னால் மின்வலு வழங்கியை நீங்கள் கடைசியாகத்தான் எழுதுவீர்கள். பெட்டியின் பின்புறத்தில் மின்விசிறியுடன் இருக்கும் தகரக் கூடு அது. கடையில் பவர் சப்ளை என்று கேட்டு வாங்குகிறோம். விளையாட்டுக் கணினியைப் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்துவோர் பெரும்பாலும் பிழைவிடுவது இதிலேதான். வரைவியல் அட்டைக்கு, அதாவது நீங்கள் வீஜீஏ என்று சொல்லும் அட்டைக்கு, பணத்தைக் கொட்டிவிட்டு, மிஞ்சிய காசுக்கு ஒரு வழங்கியை வாங்குகிறார்கள். இப்பிழையைத் தவிர்க்க விஞ்ஞான பாடத்தில் கற்ற ஒரு சமன்பாடு போதும்.

வலு (வாற்று) = அழுத்த வித்தியாசம் (வோல்ற்று) × மின்னோட்டம் (அம்பியர்)

முதலில் வழங்கி செய்யும் வேலையைப் பார்ப்போம். வீட்டுக்கு வருவது 230 வோல்ற்று ஆடலோட்டம். கணினிக்குத் தேவை 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டம். வழங்கியினுள் இருவாயிகள் ஆடலோட்டத்தைச் சீராக்க, பெரிய கொள்ளளவி ஒன்று ஏறத்தாழ 325 வோல்ற்றில் அதனைச் சேமிக்கிறது. பின்னர் திரான்சிற்றர்கள் அதனைச் செக்கனுக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூட, சிறிய நிலைமாற்றி ஒன்று அழுத்தத்தைக் குறைக்கிறது. குறைந்த அழுத்தம் மீண்டும் சீராக்கப்பட்டு ஒப்பமாக்கப்படுகிறது. (புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலிலுள்ள இல்மனைற்றும் உரூற்றைலும் தைத்தேனியத்தின் தாதுக்கள். கணினிச் சுற்றுகளில் காணும் சிறு செரமிக் கொள்ளளவிகள் பலவற்றில் இருப்பதும் ஒரு தைத்தேனியச் சேர்வையே.)

இனிக் கணக்கு. புல்மோட்டை மாணவர் ஒருவர் றைசன் 5 5600 முறைவழியாக்கியையும் ஆர்.ரீ.எக்ஸ் 3060 வரைவியல் அட்டையையும் பொருத்த விரும்புகிறார் எனக் கொள்வோம். முறைவழியாக்கி உச்சமாக 76 வாற்றையும் அட்டை 170 வாற்றையும் பெறும். இவ்விரண்டும் 12 வோல்ற்று வழியிலிருந்தே வலுவைப் பெறுகின்றன. தாய்ப்பலகை, நினைவகம், வன்தட்டு, விசிறிகள் எல்லாவற்றுக்குமாக 50 வாற்று வைப்போம்.

மொத்த வலு = 76 + 170 + 50 = 296 வாற்று
முதல் இரண்டுக்கும் 12 வோல்ற்று வழியில் தேவையான மின்னோட்டம் = 246 ÷ 12 = 20.5 அம்பியர்

திருகோணமலை நகருக்கு பஸ் ஏறி, ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து கடைக்குப் போகிறார். 500 வாற்று என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட மலிவான வழங்கியைக் காட்டுகிறார்கள். 296ஐ விட 500 பெரிது, எனவே போதும் என்று தோன்றும். பக்கத்திலுள்ள லேபலைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ற்றுக்கு 18 அம்பியர், 5 வோல்ற்றுக்கு 30, 3.3 வோல்ற்றுக்கு 28 என்று இருந்தால் என்ன முடிவு?

12 × 18 = 216 வாற்று. தேவை 246. இந்த வழங்கி போதாது. மீதி வலுவின் பெரும்பகுதி 5, 3.3 வோல்ற்று வழிகளில் கிடக்கிறது. இக்காலக் கணினி அவற்றை மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறது. நல்ல 550 வாற்று வழங்கியிலோ 12 வோல்ற்று வழி மட்டுமே 45 அம்பியர் அளவில், 540 வாற்று தரும். என்விடியா நிறுவனம் இவ்வட்டைக்கு 550 வாற்று வழங்கியைப் பரிந்துரைப்பதில் பொருள் உண்டு. அட்டை கணப்பொழுதுக்குத் தன் அளவை மிஞ்சி மின்னோட்டத்தை இழுக்கும். அப்போது வலுவற்ற வழங்கி அணைந்துவிடும். பாதுகாப்புச் சுற்று இல்லாத வழங்கியாயின் எரியும்போது தாய்ப்பலகையையும் அட்டையையும் சேர்த்து எரிக்கலாம். வாப்பா கடலில் உழைத்த காசு ஒரே நொடியில் போய்விடும்.

இணைப்பிகளையும் எண்ணுங்கள். தாய்ப்பலகையின் துளை 75 வாற்றும், 8 ஊசி இணைப்பி 150 வாற்றும் தரும். 170 வாற்று அட்டைக்குத் துளை மட்டும் போதாது. 8 ஊசி இணைப்பி இல்லாத வழங்கிக்கு மாற்றுவயர் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் அந்த வழங்கியை வாங்காதீர்கள்.

அடுத்தது வினைத்திறன். 80 பிளஸ் என்ற சான்று 2004இல் தொடங்கியது. 20, 50, 100 சதவீதச் சுமைகளில் வினைத்திறன் 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பதே அதன் அடிப்படை மட்டம். 296 வாற்றைத் தருவதற்கு 80 சதவீத வழங்கி சுவரிலிருந்து 370 வாற்றையும், 90 சதவீத வழங்கி 329 வாற்றையும் பெறும். நாளுக்கு 4 மணித்தியாலம் முழுச் சுமையில் இயங்கினால் 30 நாளில் வேறுபாடு 41 × 4 × 30 = 4920 வாற்று மணித்தியாலம், ஏறக்குறைய 5 அலகு. மின்கட்டணத்தில் இது சிறிய தொகைதான். ஆனால் யூபிஎஸ் வாங்கும்போது இதே கணக்கு முக்கியமாகும். 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தது. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்றினால் நாடே இருண்டது. எனவே யூபிஎஸ் தேவைதான். 650 வோல்ற்று அம்பியர் யூபிஎஸ்ஸில் வாற்று அளவு 360 என்றிருந்தால், 370 வாற்றை அது தாங்காது, 329 வாற்றைத் தாங்கும்.

பழைய வழங்கிகளின் பின்புறத்தில் 115, 230 என்று சிவப்பு ஆளி இருக்கும். அது 115இல் இருக்கும்போது எமது மின்னை இணைத்தால் வெடிச் சத்தம் கேட்கும்.

கணினிப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று ஷொக் அடிக்கிறது என்று பலர் சொல்வதுண்டு. பெரும்பாலும் புவித்தொடுப்பு இல்லாமையே காரணம். வழங்கியின் நுழைவிலுள்ள சிறு கொள்ளளவிகள் தகரக் கூட்டுடன் இணைக்கப்பட்டுள்ளன. புவிக்கம்பி இல்லாதபோது கசிவு மின்னோட்டம் உங்கள் உடல் வழியே செல்லும். 13 அம்பியர் குதையில் புவித்துளை இருந்தால் மட்டும் போதாது. அதனுள் கம்பி தொடுக்கப்பட்டிருக்கிறதா என மின்னியலாளரைக் கொண்டு பரிசோதியுங்கள்.

கடற்காற்றின் உப்பு, விசிறி வழியே உள்ளே படிந்து உலோகத்தை அரிக்கும். எனவே கடலை நோக்கிய யன்னலருகே பெட்டியை வைக்க வேண்டாம். தூசு தட்டுவதென்றால் செருகியைக் கழற்றிவிட்டு வெளியிலிருந்தே தட்டுங்கள். கூட்டைத் திறக்கவே கூடாது. செருகியைக் கழற்றிய பின்னரும் அந்த 325 வோல்ற்று சிறிது நேரம் உள்ளே தங்கியிருக்கும்.

பயிற்சி வினா: மேற்படி மாணவர் 75 வாற்று ஜீ.ரீ.எக்ஸ் 1650 அட்டையைத் தெரிவுசெய்தால் முதல் இரண்டுக்கும் 12 வோல்ற்று வழியில் தேவையான மின்னோட்டம் யாது? முன்னைய 18 அம்பியர் வழங்கி போதுமா?

விடை: (76 + 75) ÷ 12 = 12.6 அம்பியர். லேபல் உண்மை சொன்னால், போதும்.