ஐயுறவும் மரியாதையும்: எட்மண்ட் கொஸ் கண்ட பிளிமத் சகோதரர்

1907 ஆம் ஆண்டில், ஆசிரியர் பெயர் குறிக்கப்படாது, ‘தந்தையும் மகனும்’ என்னும் தன்வரலாற்று நூலொன்று இலண்டனில் வெளிவந்தது. அதனை எழுதியவர் அக்காலத்தில் பிரபுக்கள் சபை நூலகராயிருந்த விமர்சகர் எட்மண்ட் கொஸ் என்பது விரைவிலேயே தெரியவந்தது. சிறியதொரு கிறித்தவப் பிரிவினுள் பிறந்து வளர்ந்து, அதனின்றும் வெளியேறிய ஒருவர், அப்பிரிவை ஏளனஞ் செய்யாமலும் அதற்கு இணங்காமலும் எவ்வாறு எழுதலாம் என்பதற்கு இந்நூலினும் சிறந்த சான்று காண்டலரிது. மதநம்பிக்கை பற்றி எழுதப்புகும் நம் முற்போக்கு விமர்சகருட் பலர், மார்க்ஸ் 1844 இல் எழுதிய புகழ்பெற்ற பந்தியின் இறுதி வாக்கியத்தை மாத்திரம் மனனஞ் செய்து, அதற்கு முன்னே துன்பத்தையும் எதிர்ப்பையும் பற்றி அவர் கூறியவற்றை மறந்துவிடுகின்றனர். அவர்கள் இந்நூலைப் படித்தல் நன்று.

பிளிமத் சகோதரர் எனப்பட்டோர் 1820 களின் பிற்பகுதியில் டப்ளினிலும், 1831 இலிருந்து பிளிமத் நகரிலும் கூடியவர்கள். குருமார் என்றொரு தனிவகுப்பை அவர்கள் ஏற்கவில்லை. ஞாயிறுதோறும் ஒன்றுகூடி அப்பம் பிட்பர்; ஆண்டவரின் வருகை அண்மித்துவிட்டதென்று காத்திருப்பர். அயர்லாந்துத் திருச்சபையின் குருவாயிருந்து விலகிய ஜோன் நெல்சன் டார்பி அவர்களுள் முதன்மையானவர். 1829 இல் கத்தோலிக்கருக்கு அரசியல் உரிமை வழங்கப்பட்டது. 1832 இல் பாராளுமன்றச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. தம் பழைய உலகு சரிவதைக் கண்ட புரட்டஸ்தாந்து மேற்குடியினர் சிலர், திருத்தமுடியாத உலகொன்றின் முடிவை எதிர்நோக்கியது வியப்பன்று. எனினும் வர்க்க அச்சத்தின் வெளிப்பாடு என்று மட்டும் இவ்வியக்கத்தைக் கூறிவிட்டால், அக்கூட்டங்களிற் கனவானும் கூலியாளும் ஒரே அப்பத்தைப் பிட்டமை விளக்கம்பெறாது போய்விடும். (அவர்களுள் ஒருவரான அந்தனி நோரிஸ் குறோவ்ஸ் 1833 இல் இந்தியாவுக்கு வந்தார். அவரோடு பணியாற்றிய திருநெல்வேலி அருளப்பன் வழியாக இவ்வியக்கம் தமிழரையும் தொட்டது. அது தனியே ஆராயப்படவேண்டியது.)

எட்மண்டின் தந்தை பிலிப் ஹென்றி கொஸ் அறிவிலியல்லர். கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்த அவர், 1856 இல் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார். கண்ணாடித் தொட்டியிற் கடலுயிர்களை வளர்க்கும் வழக்கத்தை இங்கிலாந்திற் பரப்பியோருள் அவர் முக்கியமானவர். அவரது நூல்களைப் படித்த மக்கள் கடற்கரைகளுக்குத் திரண்டுசென்று பாறைக்குளங்களைச் சூறையாடினர். அதனால் அவர் பெரிதும் வருந்தினார் என்று மகன் எழுதுகிறார்.

இத்தகைய மனிதர் 1857 இல் ‘ஓம்பலோஸ்’ என்னும் நூலை வெளியிட்டார். கிரேக்கத்திற் கொப்பூழ் எனப் பொருள்படும் சொல் அது. தாய்வயிற்றிற் பிறவாத ஆதாமுக்குக் கொப்பூழ் இருந்திருப்பின், படைக்கப்பட்ட கணத்திலேயே பூமிக்கும் கடந்தகாலம் ஒன்றின் தடயங்கள் இருந்திருக்கலாமன்றோ? பாறைகளிற் காணும் உயிர்ச்சுவடுகள் அத்தகையனவே என்பது அவர் வாதம். தருக்கமுறையில் இதனை மறுத்தல் எளிதன்று. எந்தச் சான்றாலும் பொய்ப்பிக்கமுடியாமையே அதன் குறைபாடு. அறிவியலாளர் புறக்கணித்தனர். நண்பரான சாள்ஸ் கிங்ஸ்லியோ, கடவுள் பாறைகளிற் பொய் எழுதிவைத்தார் என்பதைத் தம்மால் ஏற்கவியலாது என்றார். இரண்டாண்டுகளின்பின் டார்வினின் நூல் வெளிவந்தது. ஓம்பலோஸ் வெளியான அதே ஆண்டிலேயே எட்மண்டின் தாயார் எமிலி புற்றுநோயால் இறந்திருந்தார். மனைவியை இழந்த ஆண்டிலேயே தம் வாழ்நாள் உழைப்பும் நகைப்புக்கிடமானதைக் கண்ட அம்மனிதரை மகன் நகைக்கவில்லை.

நகைக்கத்தக்க நிகழ்ச்சிகள் நூலில் இல்லாமலில்லை. நத்தார்ப் பண்டிகையை விக்கிரக வழிபாடாகக் கருதிய தந்தை, வேலைக்காரர் மறைவாகச் செய்த பிளம் புடிங்கைத் தூக்கிச்சென்று அழித்த காட்சி பலரும் அறிந்தது. விக்கிரகத்தை வணங்கினால் இறைவன் சினப்பானா என்றறிய, சிறுவன் நாற்காலியொன்றை மேசைமேல் ஏற்றிவைத்து அதனை நோக்கிச் செபித்தான். ஒன்றும் நிகழவில்லை. பத்து வயதிலே, வளர்ந்தோர்க்கு உரிய ஞானஸ்நானத்தையும் பெற்றான். பின்னர் விடுதிப் பாடசாலையில், கோடை மாலையொன்றிற் சன்னலருகே நின்று, ஆண்டவர் அக்கணமே வருமாறு இறைஞ்சினான். வானம் சிவந்து இருண்டது. தேநீருக்கான மணி ஒலித்தது. எவரோடும் வாதிட்டு அவன் நம்பிக்கையிழக்கவில்லை, காத்திருந்து இழந்தான். அதனாலேயே அவனது ஐயுறவில் வெறுப்பின் சுவடு குறைவாயுள்ளது என்பது என் கருத்து.

ஆயினும் கொஸ்ஸையும் நாம் ஐயுறவோடு படித்தல்வேண்டும். தந்தை 1888 இல் மறைந்தபின், 1890 இல் அவர் எழுதிய வாழ்க்கைவரலாறு அடக்கமானது. பதினேழாண்டுகளின்பின் வந்த நூலோ நாடகத்தன்மை மிக்கது. தந்தையின் வரலாற்றை 2002 இல் வெளியிட்ட ஆன் துவெயிற், மகன் தீட்டிய சித்திரத்தினும் அன்பும் மகிழ்ச்சியும் உடையவராக அவரைக் காண்கிறார். இன்னொன்றும் குறிப்பிடற்பாலது. டெவன் கிராமத்துக் கூட்டத்திற் கூலியாளரும் பணிப்பெண்களும் அவருக்குச் சகோதரராயும் சகோதரியராயும் இருந்தனர். அங்கிருந்து அவர் சென்றடைந்தது பிரபுக்களின் விருந்தறைகளை. தாம் பெற்ற சிந்தனைச் சுதந்திரத்தை அவர் நுணுகி எழுதுகிறார். இழந்த சமத்துவத்தை இழப்பாகவே அவர் எண்ணியதாகத் தெரியவில்லை. அக்கிராமத்தவர் நூலில் வேடிக்கை மனிதராக வந்து, சில பக்கங்களில் மறைந்துவிடுகின்றனர். தந்தைக்கு அளித்த மரியாதையை மகன் அவர்களுக்கு அளிக்கவில்லை.